நான் லேமினேட் செய்த நாற்பத்தொரு தாள்கள்

தகர டப்பாவைத் திறந்ததும் அருங்காட்சியகத்துப் பெண்மணியின் கை அப்படியே நின்றது. முதல் தாளை எடுத்து வளைத்துப் பார்த்தார். அது விறைப்பாக நிமிர்ந்தது. "இதை யார் செய்தது?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். பாராட்டப் போகிறார் என்று நினைத்து நான் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டேன்.

இது 2006இல். நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டை விற்றுவிட்டு டெக்ஸாஸில் இருக்கும் மகனிடம் போவதாக இருந்தார். நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பது அவருக்குத் தெரியும். ஒருநாள் அந்த டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய அம்மாவின் அப்பா ஜெர்சி கடற்கரையில் உயிர் மீட்பு நிலையத்துக்குப் பொறுப்பாளராக இருந்தவர். கப்பல் தரைதட்டினால் ஆட்களோடு அலைக்குள் படகைத் தள்ளிக்கொண்டு போய் உள்ளே இருப்பவர்களைக் கரைசேர்ப்பார். அன்றன்று காற்று, அலை, காப்பாற்றியவர்களின் பெயர்கள் எல்லாம் கைப்பட எழுதி வைத்திருந்தார். தாள்களைக் கடலுக்குப் பக்கத்து அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிட்டு, ஒரு பிரதியோடு டெக்ஸாஸ் போகலாம் என்பது பெரியவரின் எண்ணம். குடும்பத்தில் அந்தத் தாள்கள் வேண்டும் என்று கேட்க வேறு யாரும் இல்லை.

நான் பிரதி எடுத்தேன். ஆனால் தாள்களைத் தொடத் தொட ஓரம் உதிர்ந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாற்பத்தொரு தாளையும் லேமினேட் செய்துவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை. எங்கள் ஊரில் ரேஷன் கார்டு, பட்டா, மார்க் ஷீட் என்று எது முக்கியமோ அதை முதலில் லேமினேட் செய்வோம். எனக்குத் தெரிந்த பாதுகாப்பு அதுதான். அவருக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று டப்பாவை மூடியே கொடுத்தேன். சனிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு என்னையும் காரில் அழைத்துப் போனார்.

அந்தப் பெண்மணிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. சூடு பட்ட பழைய தாள் உள்ளேயே கெட்டுப்போகும், பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுப்பது கஷ்டம் என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். நான்தான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பெரியவர், "நான்தான் செய்யச் சொன்னேன்" என்றார்.

அவருக்கே அப்போதுதான் தெரியும்.

டப்பாவை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பும்போது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் கேட்டேன். "என்னைத் திட்ட வேண்டுமானால் அவள் டெக்ஸாஸ் வரவேண்டும்" என்றார். சிரிக்க முயன்றார்.

ஞாயிறு காலை பீரோவிலிருந்து என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுத்தேன். கல்யாணமாகி நான் புறப்பட்டபோது என்னைப் பெற்ற அத்தா தாலுகா ஆபீஸ் எதிரில் லேமினேட் செய்து கொடுத்தது. நான் படித்ததற்கு இருந்த ஒரே காகிதம். சமையலறை மேசையில் வைத்து மூலையில் பிளேடை வைத்தேன்.

"காலங்காத்தால பிளேடோட என்ன பண்றே?" என்று கேட்டுக்கொண்டே என் கணவர் வந்தார்.

"பிரிக்க முடியுதான்னு பார்க்கிறேங்க."

"எதை?" குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை. "இது உன் ஒரிஜினல்டி."

"அவரோடதும் ஒரிஜினல்தானே. டெஸ்ட் பண்றதுக்கு என்கிட்ட வேற என்ன இருக்கு?"

"இனிமே நீ டென்த் பாஸ்னு யாரு நம்புவா?"

"இப்போ மட்டும் யாருங்க கேட்கிறாங்க?"

மாடியிலிருந்து இறங்கிய மகள், "மாம், ஆர் யூ ஓகே?" என்றாள். ஹேர் டிரையரால் சூடு காட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் கொஞ்சம் இளகியது. இழுத்தேன். என் பெயரும் கணக்கு மார்க்கும் பிளாஸ்டிக்கோடு போய்விட்டன. கையில் மிஞ்சியது வெறும் காகிதத் தூள்.

திங்கட்கிழமை கடைக்குப் போவதற்கு முன்பு அருங்காட்சியகத்துக்கு போன் செய்தேன். அந்தப் பெண்மணிதான் எடுத்தார். அமெரிக்கா வந்து இத்தனை வருஷத்தில் வெள்ளைக்காரர் ஒருவருக்கு நானாக போன் செய்தது அன்றுதான் முதல் தடவை. எழுதி வைத்ததைப் பார்த்துப் படித்தேன். செய்தது நான். பெரியவர் செய்யச் சொல்லவில்லை. தயவுசெய்து பிரிக்க வேண்டாம், எழுத்து பிளாஸ்டிக்கோடு வந்துவிடும்.

பிறகு அவர் சொன்னார், அங்கே உதவிக்கு வரும் ஒருவர் அன்று மதியம் முதல் தாளை ஹேர் டிரையர் வைத்துப் பிரித்துப் பார்ப்பதாக இருந்தாராம்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"என் ஸ்கூல் சர்டிபிகேட்டில் செய்து பார்த்தேன்."

பிறகு அவர், தாள்களை அப்படியே வைத்துக்கொள்கிறோம், வெளிச்சம் படாமல் இழுப்பறையில் வைப்போம், எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார்.

இப்போது எழுத்து தெரிகிறதா என்று கேட்டேன். அவர் போனைக் கீழே வைத்துவிட்டுப் போவது கேட்டது. திரும்பி வந்து ஒரு தாளைப் படித்தார். வடகிழக்குக் காற்று, பெரிய அலை, ஒன்பது பேர், எல்லோரும் உயிரோடு.