உட்கார்ந்தால் சாகிற கதை

"டேய் ஹரி, உன் கதையில முதல் பகுதியிலேயே தப்புலா," என்றான் புனிதன். பசியாற உட்கார்ந்த இடத்தில், வாயில் பாதி ரொட்டி இருந்தது. "நான் கொழுந்து வெட்டிக்கிட்டு இருக்கேன். லோரியைக் காணோம்னு சத்தம் கேக்குது. உடனே ஓடுறேன். சரி. மெஷினோட அந்தப் பக்கத்தைப் பிடிச்சிக்கிட்டு இருந்தானே ஒருத்தன், அவன் என்ன ஆனான்?"

"அது கதைடா."

"கதைன்னா? நீ திடீர்னு விட்டுட்டு ஓடுனா பிளேடு என் கால்லதான் வந்து விழும். உன் கதாநாயகன் கிளம்புறப்பவே ஒரு கொலையைப் பண்ணிட்டுத்தான்லா கிளம்புறான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹரிதாஸும் சிரித்தான். சிரித்தாலும் புனிதன் சொன்னது சரிதான் என்று தெரிந்தது. கொழுந்து வெட்டும் மெஷின் ஒருவர் தூக்கும் சாமான் இல்லை. தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் பிளேடு ஓடும். வெட்டுப்பட்ட கொழுந்து பின்னால் இழுபடும் நீளமான பைக்குள் போய் விழும். இஞ்சின் இருக்கும் பக்கம் எப்போதும் ஹரிதாஸ். எதிர்ப்பக்கம் புனிதன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், பல வருடங்களாக ஒரே மெஷினைப் பிடிக்கிறார்கள். ஒருவன் இரும நின்றால் மற்றவனும் நிற்க வேண்டும்.

அன்றே ஹரிதாஸ் ஒரு வரி சேர்த்தான். 'மெஷினை அணைத்து, இருவரும் சேர்ந்து மெதுவாக இறக்கி வைக்கிறீர்கள்.'

அவன் எழுதுவது கேம்புக், விளையாடிப் படிக்கும் கதை. அதை முதல் பகுதியிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்க முடியாது. படிக்கிறவர்தான் கதாநாயகன். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், 'பாலத்தைக் கடக்கிறாயா? 31-க்குப் போ. ஆற்றோரமாக நடக்கிறாயா? 58-க்குப் போ' என்று இருக்கும். தப்பான வழியில் போனால் செத்துப்போவோம். பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவனுடைய கதையில் மலைமேல் திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு இறங்கிய லோரி ஒன்று பனிமூட்டத்துக்குள் நுழைகிறது. கீழே ரிங்லெட்டுக்கு அது வந்து சேரவே இல்லை. தோட்டத்து ஆளான நீ அதைத் தேடிப் போகிறாய்.

இதற்குமுன் இரண்டு கதைகள் எழுதியிருக்கிறான். இரண்டையும் யாரும் கடைசிவரை விளையாடவில்லை. தமிழில் இப்படி எழுதிப் பார்க்கிறவர்களுக்குக் கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டு ஒரு கதையைத் தேர்ந்தெடுத்து எல்லாரும் விளையாட வெளியிடுவார்கள். அதற்குமுன் குழுவில் உள்ளவர்கள் விளையாடிக் குறைகளைச் சொல்ல வேண்டும், எழுதியவர் திருத்திக் கொடுக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் திருத்திவிட வேண்டும் என்று ஹரிதாஸ் நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி உமாதேவியும் ஒரு குறை சொன்னாள். திரிங்காப் காய்கறித் தோட்டத்தில் கழுவிப் பெட்டி கட்டுகிற வேலை அவளுக்கு. குளிர்ந்த தண்ணீரில் நாள் முழுக்கக் கீரை அலசிவிட்டு வருவாள். அவன் கொடுத்த கைப்பேசியை வாங்கி ஆசையாகத்தான் தொடங்குவாள். ஒன்பதாம் பகுதியைத் தாண்டுவதற்குள் கண் சொருகிவிடும்.

"உங்க ஆளு சாப்பிடவே மாட்டானா?" என்று ஒருநாள் கண்ணை மூடியபடியே கேட்டாள். "காலையில கிளம்புனவன் இன்னும் பசியாறல. எனக்குப் பாவமா இருக்கு."

"லோரியைத் தேடுறப்ப எங்க சாப்பிடுறது?"

"லோரி நிறைய கோஸுதானே, பிச்சித் தின்னச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. புனிதனுக்கும் தெரியாது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ஹரிதாஸின் வலது கைவிரல்கள் காலையில் வெளுத்துப்போய்விடுகின்றன. முதலில் ஊசி குத்துவதுபோல இருக்கும், பிறகு ஒன்றுமே இருக்காது. சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் விரல்கள் முழிக்கும். மெஷினின் பிடியைப் பார்த்தால்தான் அதைப் பிடித்திருக்கிறோமா என்று தெரியும். கதையைக்கூட இப்போது இடது கட்டைவிரலால்தான் தட்டுகிறான்.

அரிசி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போய்க் காட்டினான். டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"மெஷின் ஆட்டத்தால வர்றது. ஒரு மாதம் மெஷினைத் தொடாதீங்க. இப்படியே விட்டா இந்த மரப்பு நிரந்தரமாத் தங்கிடும். எம்.சி. தர்றேன், லீவு போட்டுக்குங்க."

"வேணாம் டாக்டர், நான் பாத்துக்கிறேன்," என்றான் ஹரிதாஸ்.

அவர் அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

ஒரு மாதம் நின்றால் வீரப்பன் கங்காணி புனிதனுக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார். ஒருமுறை மாற்றிய ஜோடியைத் திரும்பச் சேர்க்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. புது ஆளோடு நடை பழகும்வரை புனிதனுக்கும் இடுப்பு ஒடியும். ஹரிதாஸுக்குக் களை பிடுங்குவதோ, ஃபாக்டரியில் தூசு கூட்டுவதோ கிடைக்கும். இதையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டு அரிசியோடு வீட்டுக்கு வந்தான்.

இரண்டு வாரம் கழித்து, வேலை முடிந்து லயத்து வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியவள் ஜெனட். கிள்ளானில் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். குழுவில் யார் கதை எழுதினாலும் பெரிய தாளில் வழிகளை வரைந்துகொண்டு விளையாடுவாள். குறை சொல்வதில் அவளுக்கு ஈவிரக்கம் கிடையாது.

"ஹரி அண்ணா, வணக்கம். உங்க கதையை முடிச்சிட்டேன்."

ஹரிதாஸ் பாதையிலேயே நின்றுவிட்டான். மூன்று கதையில் முதல்முறையாக ஒருவர் முடித்திருக்கிறார்.

"ஏமாத்தல. பின்னால திருப்பிப் பாக்காம, செத்தா முதல்லேருந்து ஆரம்பிச்சி முடிச்சேன். நல்லா இருந்துச்சி. பனிக்குள்ள லோரியோட ஹார்ன் மட்டும் கேக்குதே, அங்க எனக்குக் கை சில்லுன்னு ஆயிடுச்சி. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காதீங்க. உங்க கதையில ஓடுனா பொழைக்கலாம். ஏறுனா பொழைக்கலாம். ஆத்துல குதிச்சாக்கூடப் பொழைக்கலாம். உக்காந்தா மட்டும் சாவுதான். பஸ் ஸ்டாப்புல உக்காந்தேன், மண்சரிவு. மரத்தடியில உக்காந்தேன், பாம்பு. ஒரு கொட்டகையில சும்மா கண்ணை மூடுனேன், திருடனுங்க வந்துட்டானுங்க. அப்புறம் நான் உக்காரவே இல்ல. அதனாலதான் ஜெயிச்சேன். ஆனா முடிக்கறப்ப ரொம்பக் களைப்பா இருந்துச்சிண்ணா, நெசமாவே. ஏன் அப்படி வெச்சீங்க?"

'கஷ்டமா இருக்கணும்னு வெச்சேன்' என்று பதில் தட்டினான். அனுப்பவில்லை. அது பொய்.

வீட்டு வாசலில் நின்றபடியே கதையை முதலிலிருந்து பார்த்தான். 'களைப்பாக இருக்கிறது, சற்று உட்காருகிறாயா?' என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் தேடித் தேடிப் பார்த்தான். எல்லா இடத்திலும் சாவு. அணைக்கட்டு ஏரியோரம், ஒரு நிமிடம் செருப்பைக் கழற்றிக் கல்லை உதறியவனைக்கூட விடவில்லை. இப்படி வைக்க வேண்டும் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. கை தானாக எழுதியிருக்கிறது.

சரி, ஒரு இடத்தையாவது மாற்றலாம் என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தான். பஸ் நிறுத்தத்தை எடுத்துக்கொண்டான். மண்சரிவை அழித்தான். 'நீ உட்காருகிறாய்' என்று எழுதினான். அடுத்த வரி வரவில்லை. யாராவது வந்து ரகசியம் சொல்லலாமா? அப்படியானால் அது உட்காருவது இல்லை, வேலை. பெஞ்சுக்கு அடியில் ஒரு சாவி கிடைக்கலாமா? அதுவும் வேலைதான். உட்கார்ந்தவனுக்கு அதன்பிறகு என்ன நடக்கும் என்று அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த உமாதேவி, "என்னாங்க, சுவத்தையே பாக்குறீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல," என்றான்.

திங்கட்கிழமை காலை பனி விலகவே இல்லை. எதிர்ப்பக்கம் நடந்த புனிதனின் தொப்பி மட்டும் தெரிந்தது. மூன்றாவது வரிசையின் நடுவில் ஹரிதாஸ் தன் கையைப் பார்த்தான். பிடியில்தான் இருந்தது. வேறு யாருடைய கையோ போல இருந்தது.

"நிறுத்துறேன் புனிதா. இறக்கி வைப்போம்."

"என்னாச்சி? பிளேடு மாட்டிக்கிச்சா?"

"இல்ல. நான் உக்காரணும்."

மெஷின் சத்தம் நின்றதும் மலைக்கே காது செவிடானதுபோல இருந்தது. ஈரமான மண்ணில் ஹரிதாஸ் உட்கார்ந்தான். வெளுத்த விரல்களைக் காட்டினான். மருத்துவமனை, டாக்டர் சொன்னது, எம்.சி. வேண்டாம் என்றது, எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை புனிதன் நின்றுகொண்டேயிருந்தான்.

"எத்தனை நாளா?"

"மழை ஆரம்பிச்சதிலேருந்து."

"மடையா!" என்று கத்தினான் புனிதன். "பிடி இருக்கா இல்லையான்னே தெரியாமலா என் எதிர்ல நடந்த? என் கால் என்ன வாழைத்தண்டா?"

"உனக்கு வேற ஆளைப் போட்டுடுவாரேன்னுதான்..."

"போடட்டும்லா! எவனையோ போடட்டும். நீ என்ன எனக்குத் தாலி கட்டுனவனா?"

கோபமாகத்தான் சொன்னான். அந்தக் கோபம் தணியவும் இல்லை. கங்காணியிடம் போய் அவனே விஷயத்தைச் சொன்னான். அன்று மாலை ஹரிதாஸோடு பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. ஹரிதாஸ் மருத்துவமனைக்குத் திரும்பப் போய் எம்.சி. வாங்கி வந்தான். வீரப்பன் ஒரு நேப்பாளிப் பையனைப் புனிதனோடு போட்டார். மாதம் முடிந்து வந்தால் என்ன வேலை என்று ஹரிதாஸ் கேட்டபோது, "வா, அப்ப பாப்போம்," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

வீட்டில் உமாதேவி அவன் விரல்களைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்தாள். "நான் தூங்கிட்டேன்னா எழுப்பிச் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டாள்.

முதல் நாலைந்து நாள் ஹரிதாஸுக்கு உட்காரத் தெரியவில்லை. மற்றவர்கள் வேலைக்குப் போன லயத்தில், கோழிகளுக்கு நடுவில், திருட்டுத்தனம் செய்கிறவன்போல இருந்தது. மலைச்சரிவில் மெஷின் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பான். எந்த வரிசையில் வெட்டுகிறார்கள் என்று சத்தத்தை வைத்தே தெரியும். மெஷின் புனிதன் பக்கம் இழுக்கிறது, நேப்பாளிப் பையன் வேகமாக நடக்கிறான் என்றும் தெரியும். பிறகு அந்தச் சத்தம் மேட்டைத் தாண்டிப் போய்விடும். அவன் மறுபடி உட்காருவான்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால், இடது கட்டைவிரலால் அந்தப் பஸ் நிறுத்தப் பகுதியை எழுதி முடித்தான்.

'நீ உட்காருகிறாய். பெஞ்சு ஈரமாக இருக்கிறது. ஒரு பஸ் வருகிறது, நிற்காமல் போகிறது. பனி உன் முகத்தின்மேல் படுகிறது. கால் வலி கொஞ்சம் குறைகிறது. யாரும் வரவில்லை. விரும்பும்வரை இங்கே இருக்கலாம். எழுந்திருக்கத் தோன்றும்போது 45-க்குப் போ.'

ஜெனட்டுக்கு அனுப்பினான். பதில் உடனே வந்தது.

"அண்ணா, இந்த இடம் போர் அடிக்குது. ஒண்ணுமே நடக்கலியே? ஒரு சாவியாவது வைங்க. இப்படியே விட்டா ஓட்டு விழாது."

அவள் சொன்னால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஹரிதாஸ் அந்தப் பகுதியை மறுபடி படித்தான். வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் உணர்வு வந்திருந்தது. மற்றவை இன்னும் வரவில்லை.

ஒரு எழுத்தையும் மாற்றாமல் கதையைக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, கைப்பேசியை ஓரமாக வைத்தான். அடுப்பில் வெந்நீர் வைக்க எழுந்தவன், பிறகு வைக்கலாம் என்று அங்கேயே இருந்துகொண்டான்.