ரீவிக்கு மேலே மாதா

நியூசிலாந்தின் ஒக்லாந்துத் தமிழருக்குள் அமெரிக்கன் ஃபுட்பாலை முதலில் விளங்கிக்கொண்ட ஆள் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாழ்ப்பாணத்தில் நசுங்கிய கார்த் தகடுகளை அடித்து நிமிர்த்துகிற ரிங்கரிங் வேலை பழகி, இங்கே வந்து ஹென்டர்சனில் சொந்தமாகப் பனல் பீட்டிங் கராஜ் போட்டவன். நசுங்கிய காரை ஒருக்கால் சுற்றி வந்தால் இடி எந்தப் பக்கத்தால் எந்த வேகத்தில் விழுந்தது என்று சொல்லிவிடுவேன். இருபத்திரண்டு பேர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் இடிக்கிற விளையாட்டு எனக்கா விளங்காது?

என்னோடு சேர்ந்து பார்க்க இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் மன்னார்க்காரர், ஒனிஹங்காவில் இருந்தார், பஸ் ஓட்டினார். மற்றவர் மலேசியத் தமிழர், பல் வைத்தியர், முருக பக்தர். பல் வைத்தியர் அமெரிக்காவில் படித்தவர் என்பதால் சட்டதிட்டங்கள் எல்லாம் தெரியும். ஆனால் சட்டம் தெரிவது வேறு, விளையாட்டு விளங்குவது வேறு. பத்து யார்ட் தூரம் முன்னேற நாலு தடவை தருவார்கள், மிச்சமெல்லாம் இடி என்று நான் ஒரே வரியில் சொல்லி முடித்ததை அவர் அரை மணித்தியாலம் விளக்குவார்.

ஜனவரியில் பிளேஓஃப் தொடங்கிவிடும். தோற்றவன் வீட்டுக்குப் போக வேண்டும், மறுபேச்சில்லை. அமெரிக்காவில் ஞாயிறு பின்னேரம் நடப்பது எங்களுக்குத் திங்கள் காலை. கராஜைப் பிந்தித் திறப்பேன். நாங்கள் நீலச் சட்டைக்காரரின் ஆட்கள். முதல் வெற்றியின்போது நான் கராஜ் ஓவரோலோடு இருந்தேன். அதனால் அதைத் தோய்க்க விடவில்லை. மன்னார்க்காரர் கதவோரக் கதிரையை விட்டு அசையமாட்டார். மூன்று கிழமை இப்படியே இருந்து நீலச் சட்டைக்காரரை இறுதி ஆட்டம்வரை கொண்டுவந்துவிட்டோம். இறுதி ஆட்டம் எங்கள் ஒக்லாந்து விடுமுறைத் திங்களில், மத்தியானம். இவ்வளவு பொருத்தமாக அமைந்தால் யார்தான் விடுவார்கள்?

நான் விட்ட பிழை ஒன்றே ஒன்று. எங்கள் கத்தோலிக்கத் தமிழ்ச் சனத்துக்குள் மாதா சுரூபம் கிழமைக்கொரு வீடாகப் போகும். எங்கள் முறை அந்த ஜனவரியில் வந்தது. மாதாவை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, கோயில் வாசலில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன், தமிழர் வீடுகளிலேயே பெரிய பெட்டி ரீவி என்னுடையது, அதற்கு மேலேதான் மாதா இருக்க வேண்டும் என்று. மனைவி அதற்குப் பின்னல் விரிப்புப் போட்டு, பூ வைத்து, மெழுகுதிரியும் ஏற்றினார். பார்க்க உண்மையில் நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை வந்த மாதா அடுத்த சனிக்கிழமை மன்னார்க்காரர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அவர்கள் வீட்டில் புதுக் கார்ப்பெட் போடுகிறார்களாம், செவ்வாய்தான் ஏற்க முடியும் என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். அந்த மனிசன் அதை என்னிடம் சொல்லும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மனைவியிடம் மெல்லக் கதையை எடுத்தேன்.

"மாதா இருக்கேக்கை அவவின்ரை காலுக்குக் கீழை ரீவி போடுறதோ?" என்றார்.

"வேறை இடத்திலை வைப்பம்."

"வைக்கலாம். இப்ப இருக்கிற இடத்தை விடப் பதிவாக, உயரம் குறைஞ்சு இருக்கக்கூடாது. எழுப்ப முதல் முழுச் செபமாலையும் சொல்லவேணும். நூற்றைம்பத்துமூன்று மணி. முழங்காலிலை."

ரீவியைப் போடலாமாம், ஆனால் சத்தம் இல்லாமல். அதற்கும் ஒத்துக்கொண்டேன். விளக்கம் சொல்ல நான் இருக்கிறேனே.

ரீவியை விட உயரமாக வீட்டில் இருந்தது குளிர்சாதனப் பெட்டி ஒன்றுதான். அதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. ஞாயிறு பூசை முடிய நேரே கராஜுக்குப் போனேன். இரும்புக் குழாய் வெட்டி, நாலு கால் வைத்து, மேலே தகடு ஒட்டி, நெஞ்சளவு உயரத்தில் ஒரு பீடம் செய்தேன். பொருத்து வைத்த அடையாளமே தெரியாது. திங்கள் காலை மினுங்கும் கார் பெயிண்ட் அடித்தேன், நீல நிறத்தில். நீலம் மாதாவின் நிறம் என்று மனைவிக்கு ஒரே சந்தோசம். நான் யாருடைய நிறம் என்று நினைத்து அடித்தேன் என்பதைச் சொல்லவில்லை.

பதினொன்றரைக்குச் செபமாலை தொடங்கியது. மனைவி அவசரப்படுகிற ஆள் இல்லை. ஒவ்வொரு பத்து மணிக்கும் ஒரு கருத்துச் சொல்லி, நடுவில் பாட்டும் பாடுவார். மூன்றாவது பத்தில் எனக்கு முழங்கால் போய்விட்டது. ஓவரோல் மணத்தில் மன்னார்க்காரர் தள்ளித் தள்ளிச் சுவரோடு ஒட்டிவிட்டார். முருக பக்தர்தான் ஆச்சரியம். முதலில் உதட்டை மட்டும் அசைத்தவர், ஆறாவது பத்தில் மனப்பாடமாக்கிவிட்டு எங்களுக்கு முன்னே பதில் சொல்லத் தொடங்கினார்.

"மெதுவா சொல்லுங்கோ தம்பி," என்றார் மனைவி.

"நேரமாச்சு லா அக்கா, அங்க பந்தை உதைச்சிருப்பாங்க."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த பத்தை விளையாட்டுக்காரப் பிள்ளைகளுக்கு ஒப்புக்கொடுத்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. இனி நீலத்துக்குத் தோல்வியே இல்லை என்று நினைத்தேன்.

செபம் முடிந்து, மன்றாட்டுமாலையும் முடிந்து, மாதாவைப் பாட்டோடு எழுப்பிப் பீடத்தில் வைத்தபோது மணி இரண்டாகிவிட்டது. ரீவியைப் போட்டேன். பாதி நேர இடைவேளை. அரைகுறை உடுப்போடு ஒரு நூறு பெட்டைகள் ஆடுகிறார்கள், அதுவும் சத்தமே இல்லாமல்.

மனைவி ஓடிப்போய் மாதாவைச் சன்னல் பக்கம் திருப்பப் பார்த்தார். சுரூபம் அசையவில்லை. இன்னொருக்கால் பிடித்துத் திருப்பினார்.

"இஞ்சாருங்கோ," என்றார். "மாதா வரமாட்டன் எண்டுறா."

நான் போய்ப் பார்த்தேன். பெயிண்ட் காய ஒரு முழு நாள் வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல, நேரம்தான் இல்லை. சுரூபத்தின் அடி பீடத்தோடு ஒட்டிப்பிடித்துவிட்டது. கடைசியில் மூன்று பேருமாகப் பீடத்தோடு சேர்த்து மாதாவைத் திருப்பி வைத்தோம். அவ எங்கள் பூந்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா.

அதற்குப் பிறகுதான் புள்ளி எண்ணிக்கையைப் பார்த்தேன். நீலச் சட்டைக்காரர் மிதிபட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சப் பாதியிலும் அதே கதை. முதல் பத்து நிமிசம் விளக்கம் சொன்னேன், பிறகு நானும் ரீவியைப் போலச் சத்தம் இல்லாமல் இருந்துவிட்டேன். முடிந்ததும் பல் வைத்தியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் மனைவியிடம் கேட்டேன், "ஒரு பத்து மணி முழுக்க அவங்களுக்குத்தானே ஒப்புக்குடுத்தனீர்?"

"ஓம். ஒருத்தருக்கும் அடிபடக்கூடாது எண்டு கேட்டனான். ஆரும் கால் கை முறிஞ்சவையோ?"

"இல்லை."

"பேந்தென்ன? வெல்லவேணும் எண்டு நீங்கள் சொல்லேல்லையே."

செவ்வாய்க்கிழமை மாதா பீடத்தோடு ஒனிஹங்கா போனா. பெயிண்டைக் கரைக்கிற தின்னர் ஊற்றிக் கழற்றலாம், ஆனால் அங்கியின் நிறம் போய்விடும் என்று பங்குச் சுவாமியார் தடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஒக்லாந்தில் மாதா எந்த வீட்டுக்குப் போனாலும் என் பீடத்தில்தான் போகிறா. அந்த இரும்பு இன்னும் ஒரு இடத்தில் கறள் பிடிக்கவில்லை, போய்ப் பார்க்கலாம்.

கோயிலில் அடுத்த வருட முறை எழுதும்போது எங்களுக்கு ஜூன் மாதம் தரச்சொல்லிக் கேட்க நினைத்திருந்தேன். அதற்கு முன்னமே மனைவி தன் வாயாலேயே ஜனவரிக் கடைசிக் கிழமையைக் கேட்டு வாங்கிவிட்டார். காரில் வீட்டுக்கு வரும்போது, ரானுயித் திருப்பத்தில், அவர் கேட்டார்.

"இந்தமுறை முதலே சொல்லிப்போடுங்கோ. எந்த நிறக்காரர்?"