படையலுக்கு வந்த டேப்லெட்

மலேசியாவின் கிள்ளானில் ஸ்கூல் வேன் ஓட்டியே காலம் தள்ளியவள் புஷ்பலீலா. டாக்டரோ ஹெட்மாஸ்டரோ, எல்லாரும் அவளுக்கு ஹார்ன் அடித்து ஒதுக்க வேண்டியவர்கள்தான். புருஷன் மணியத்தின் முதல் வருஷப் படையலுக்கு, சுபாங் ஜெயாவிலிருந்து மகன் கிரிதரன் ஒரு டேப்லெட்டோடு வந்திறங்கினான். அதற்குள் ஏஐ உருவாக்கிய அப்பனின் முகம், அப்பனின் குரல்.

"சும்மா பொம்மை இல்லம்மா. அதுக்கு உணர்வு இருக்கு. தான் யாருன்னு அதுக்கே தெரியும் லா."

"கிழிச்சுது" என்றாள் அவள்.

வழக்கப்படி இலை போட்டு, செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தினார்கள். டேப்லெட்டை இலைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தான் கிரிதரன். கதவைத் திறந்ததும், "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டான்.

"திருப்தியா சாப்பிட்டேன்பா. அம்மா வச்ச ஆட்டுக்கறி பிரமாதம்" என்றது அது.

புஷ்பலீலா ஏளனமாகச் சிரித்தாள். கறிச் சட்டி இன்னும் அடுப்பில்தான் இருந்தது. வேண்டுமென்றேதான் அவள் பரிமாறவில்லை. கறி இல்லாத இலையைப் பார்த்திருந்தால் மணியம் வீட்டையே ரெண்டாக்கியிருப்பார்.

அதற்குள் சார்ஜ் இறங்கித் திரை மங்கியது. "ஐயோ, அப்பா போயிடுவாரு!" என்று கிரிதரன் சார்ஜர் எடுக்கக் காருக்கு ஓடினான். மூச்சிரைக்கத் திரும்பி வந்தவனை அவள் வாசலிலேயே மறித்தாள்.

"ஆஸ்பத்திரில உங்கப்பா இழுத்துக்கிட்டுக் கிடந்தப்ப, மீட்டிங்னு சொல்லிட்டு வராம இருந்தியே. இதுக்கு உணர்வு இருக்கா இல்லையான்னு அப்புறம் பாக்கலாம். அன்னிக்கு உனக்கு எங்கடா போச்சு?"