குசினிக்குள் ஒரு தாத்தா

சமூகவியல் படித்திருக்கிறேன் என்று எங்கள் ஊர் நாவலப்பிட்டியில் யாரிடமாவது சொன்னால், "சமூக சேவையா? அப்ப எங்க வீட்டுக் கூரைத் தகரத்துக்கு ஒரு வழி பண்ணுங்களேன்" என்பார்கள். எங்கள் அப்பாவுக்கு மட்டும் அந்தக் குழப்பம் இருந்ததில்லை. அது ஒரு வேலையே இல்லை என்பதில் மனிதர் தெளிவாக இருந்தார்.

பட்டம் வாங்கி ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்த பிறகு, கண்டியில் தெரிந்தவரின் நகைக்கடையில் பில் போடும் வேலைக்கு என்னை அனுப்புவதாக அப்பா சொல்லி வைத்துவிட்டார். அந்த வாரம்தான் விரிவுரையாளர் ஒருவர் அழைத்தார். சிங்களம் பேசும் பெண்மணி. தெல்தெனியப் பக்கம் ஓர் ஆய்வு, தமிழ் தெரிந்த ஆள் வேண்டும், முதலில் மூன்று மாதம், பிடித்திருந்தால் தொடரலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி எங்கள் தையல் கடைக்கு வந்தவள். மெஷினை நிறுத்தாமலே, "மூணு மாசம் போய்ட்டு வரட்டும்பா, நகைக்கடை எங்கயும் ஓடிறாது" என்றாள். அப்பா அதற்கு மேல் பேசவில்லை. அப்பாவின் மனம் இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் பையைக் கட்டினேன்.

சாதாரண தரத்துக்குப் பிறகு பெண்பிள்ளைகள் படிப்பதா நிறுத்துவதா என்று வீட்டில் யார் தீர்மானிக்கிறார்கள்? அதுதான் ஆய்வின் கேள்வி. நான் போனது ஒரு முஸ்லிம் ஊருக்கு. முதல் வீட்டில் ஏ.எல். எனும் உயர்தரம் முடித்த பிள்ளை பட்டென்று சொன்னாள்: "தாத்தாதான் மிஸ். தாத்தா சொன்னா வாப்பா ஒண்டும் பேச மாட்டாங்க."

வாப்பா என்றால் அப்பா என்று தெரியும். எனக்குத் தாத்தா என்றால் அப்பாவின் அப்பா. வெள்ளைத் தாடியோடு ஒரு கண்டிப்பான கிழவரை மனதில் உட்கார வைத்துக்கொண்டேன். அடுத்த வீட்டிலும் தாத்தா. அதற்கடுத்த வீட்டிலும் தாத்தா. மூன்றாவது வீட்டுப் பிள்ளை, "தாத்தா குசினிக்குள்ள ஈக்கிறாங்க, கூப்பிடவா?" என்றும் கேட்டாள். சமைக்கிற கிழவர்! என்ன முற்போக்கான ஊர் என்று பூரித்துப்போனேன். "வேணாம்மா, வயசான மனுஷன், தொந்தரவு பண்ண வேணாம்" என்றேன். பிள்ளை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவர்கள் பேச்சில் மரியாதைக்கு எல்லோரும் 'ஈக்கிறாங்க'தான், ஆணா பெண்ணா என்று எனக்கு எப்படித் தெரியும்?

கண்டிக்கு வந்து ஒலிப்பதிவை விரிவுரையாளர் மேடத்துக்குப் போட்டுக் காட்டினேன். தமிழ் விளங்காதவருக்கு அந்த ஒரு சொல் மட்டும் பளிச்சென்று விளங்கியது. "ஹரி, ஹரி, தாத்தா!" என்று தலையாட்டினார். சிங்களத்தில் ஹரி என்றால் சரி, தாத்தா என்றால் அப்பா; அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஆளுக்கொரு தாத்தாவை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் திருப்தியாகத் தேநீர் குடித்தோம்.

ஆய்வில் கண்டதை ஊர் மக்களிடமே சொல்லி அவர்கள் கருத்தையும் கேட்க வேண்டும் என்பது மேடத்தின் வழக்கம். மூன்றாவது மாதக் கடைசியில் பாடசாலை மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். என்னைத் தொடர்ந்து வைத்திருப்பதா இல்லையா என்பதை அதன் பிறகு சொல்வதாக அவர் கூறியிருந்தார். நான் ஒரு வாரமாகப் பேச்சை மனப்பாடம் செய்திருந்தேன்.

"இந்த ஊர்த் தாத்தாமாருக்குத்தான் நன்றி சொல்லணும். வயசு போன காலத்துலயும் பிள்ளைகள படிக்க வெக்கிறாங்க. தயவுசெஞ்சு முன்னுக்கு வந்து கதிரையில உக்காருங்க."

ஒருவரும் எழும்பவில்லை. பிறகு பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி மண்டபம் முழுக்கப் பரவியது. பின்வரிசையில் என்னைவிட நாலைந்து வயது கூடிய ஒரு பெண் எழுந்து நின்றார்.

"மிஸ், தொந்தரவு பண்ண வேணாம்னு சொன்னீங்களே, அந்த வயசான மனுசன் நான்தான். எங்கட ஆக்கள் மூத்த சகோதரியத்தான் தாத்தாண்டு சொல்றது."

எனக்குக் காது சுட்டது. மேடத்துக்குச் சிங்களத்தில் விளக்கும்போதே நகைக்கடை பில் கட்டு கண்ணுக்குத் தெரிந்தது. "அப்படியென்றால் அப்பா இல்லையா?" என்றார் அவர். இல்லை என்றேன். தாத்தாவும் இல்லையா என்று நான் என்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, அந்தப் பெண்ணைத் தொடர்ந்து பேசச் சொல் என்றார்.

"வாப்பா வேணாம்னுதான் சொன்னாங்க. நான் சண்டை ஒண்டும் பிடிக்கல்ல மிஸ். சோத்தப் போட்டுக் குடுத்துட்டு, தங்கச்சி படிக்கட்டும் வாப்பா, வீட்டு வேலைய நான் பாக்குறன்னு சொன்னன். அவ்வளவுதான்."

எங்கட வீட்டிலும் அப்படித்தான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். என் கேள்விக்கு அந்தப் பிள்ளைகள் முதல் நாளே சரியான பதிலைச் சொல்லியிருந்தார்கள். எனக்குத்தான் அது கேட்கவில்லை.

திரும்பும் வழியில் வான் வண்டிக்குள் மேடம் சொன்னார்: "இந்த அக்காமாரை மட்டுமே இனிக் கேட்க வேண்டும். ஒரு வருடமாவது பிடிக்கும். உனக்கு நேரம் இருக்கிறதா?" எனக்கா நேரமில்லை! அந்த ஒரு வருடம்தான் நீண்டு நீண்டு இன்றுவரை என் தொழிலாக இருக்கிறது. சிரித்து மன்னித்த அந்த மண்டபத்துக்கும் மேடத்துக்கும் நான் நன்றிக்கடன் பட்டவள்.

கண்டியில் இறங்கியதும் அக்காவுக்குத்தான் அழைத்தேன். மெஷின் சத்தம் கேட்டது. வேலை கிடைத்ததைச் சொல்லிவிட்டு, "அப்பாவ நீ எப்படிக்கா சம்மதிக்க வெச்ச?" என்றேன்.

"எப்ப? ஏ.எல். படிக்கவா, கெம்பஸ் போகவா, இப்பவா?"

எனக்குத் தெரிந்தது கடைசி ஒன்று மட்டும்தான். பஸ் நிலையத்தில் அத்தனை பேருக்கு நடுவில் நின்று அழுதேன்.

"தேங்ஸ் தாத்தா" என்றேன்.

"என்னடி, எனக்கு அவ்வளவு வயசாயிருச்சா?" என்றாள் அக்கா. "சரி, சாப்பிட்டியா?"