மஞ்சள் அரிசி விழுந்த கம்ப்யூட்டர்

1. மூடியைத் திறந்தேன்

கம்ப்யூட்டருக்குள் அரிசி கிடந்தது. சமைக்கிற அரிசி இல்லை, பூசையில் தூவுகிற மஞ்சள் அரிசி. நான் முதலில் பினாங்கு, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் பழுதான போர்டுகளைச் சரிசெய்கிற ரீவொர்க் லைனில் வேலை செய்தவள். ஆள்குறைப்பில் வெளியே வந்து, ஜார்ஜ் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் ரிப்பேர் கவுண்ட்டரில் உட்கார்ந்தேன். மெஷினுக்குள் கரப்பான் பார்த்திருக்கிறேன், பல்லி முட்டை பார்த்திருக்கிறேன். அட்சதையை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"என்னண்ணே, கம்ப்யூட்டருக்குக் கல்யாணம் பண்ணி வச்சீங்களா?" என்று கேட்டேன்.

மெஷினைத் துண்டில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்தவர் சிரிக்கவில்லை. பெயர் முனியாண்டி. துறைமுகத்தில் கிராணி, அதாவது கிளார்க் வேலை, சுங்கை பினாங் ஃபிளாட்டில் வீடு.

"சரஸ்வதி பூசைக்கு வச்சோம் தங்கச்சி. மறுநாள் சுவிட்ச் போட்டா ரோசாக், கெட்டுப்போச்சு. டிவி கறுப்பாவே நிக்குது."

அது எண்பதுகளின் ஆரம்பத்தில் வந்த ஹோம் கம்ப்யூட்டர். கீபோர்டும் மெஷினும் ஒரே டப்பா. டிவியில் சொருக வேண்டும். ஹார்ட் டிஸ்க் கிடையாது, மௌஸ் கிடையாது. புரோகிராம் எல்லாம் பாட்டுக் கேட்கிற கேசட்டில் இருக்கும். சுவிட்ச் போட்டதும் நீலத் திரை வரும், ஒரு சின்னக் கட்டம் மினுக் மினுக்கென்று கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும். நீ ஏதாவது சொன்னால்தான் அது ஏதாவது செய்யும். அந்தக் காலத்தில் அதைப் பார்த்தே பலபேர் மயங்கிப் போனோம். ஆனால் நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அதற்குள் எல்லாரும் விண்டோஸுக்குப் போய்விட்டார்கள். இந்த மாதிரி மெஷினைக் குப்பைக்காரன்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டான்.

எங்கள் தௌக்கே எட்டிப் பார்த்தார். கடைக்குச் சொந்தக்காரர், சீனர். பினாங்கில் பிறந்து வளர்ந்ததால் தமிழும் கொஞ்சம் பேசுவார்.

"ஐயா, இது பழசு லா. புதுசு வாங்குங்க. நான் நல்ல வெலை போட்டுத் தரேன்."

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்கிற ரகம். முனியாண்டி அண்ணன் அவர் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இது என் மகளோட வாய், தங்கச்சி."

2. கலா பேசுகிற விதம்

மகள் பெயர் கலா, வயது இருபதுக்கு மேல். பிறந்ததிலிருந்தே கை, கால், கழுத்து எதுவும் சொன்னபடி கேட்காது. பேச்சு வராது. அறிவில் ஒரு குறையும் இல்லை. முனியாண்டி அண்ணன் அவளுக்கு ஆங்கில எழுத்துக்களைச் சொல்லிக்கொடுத்து, தமிழையே அந்த எழுத்தில் படிக்கப் பழக்கிவிட்டார். புத்தகத்தைப் பார்த்து பேசிக் கற்றுக்கொண்டு ஒரு புரோகிராமும் எழுதினார். நீங்கள் வேறு பேசி என்று நினைத்துவிடாதீர்கள், பேசிக் என்பது கம்ப்யூட்டர் பாஷை.

டிவி திரையில் சொற்கள் வரிசையாக நிற்கும். பசி, தண்ணி, வலி, போதும், அப்பா, அம்மா, இப்படி. ஒரு கட்டம் ஒவ்வொரு சொல்லாக மெதுவாக நகரும். வேண்டிய சொல்லுக்குக் கட்டம் வரும்போது கலா ஜாய்ஸ்டிக் பொத்தானைக் கையால் ஒரு தட்டு தட்டுவாள். சொல் கீழே பதிந்துவிடும். பட்டியலில் இல்லாத சொல் என்றால் கடைசி வரிசையில் எழுத்துக்கள் இருக்கும், எழுத்துக் கூட்டிக்கொள்வாள். கட்டம் நகரும் வேகம் அவள் கையின் வேகம். அதை முனியாண்டி அண்ணன் மாதக்கணக்கில் கூட்டிக் குறைத்துப் பொருத்தியிருந்தார்.

"மெஷின் போனதிலேருந்து அழுதுகிட்டே இருக்கா. சாப்பிட மாட்டேங்கிறா. எங்கேயோ வலிக்குது. எங்கேன்னு தெரியலே. கிளினிக்குல டாக்டர் கேக்குறாரு, எங்கேம்மா வலிக்குதுன்னு. அவ எப்படிச் சொல்லுவா?"

ஆம் என்றால் கண்ணை மேலே தூக்குவாளாம். வயிறா என்றால் தூக்குகிறாள். தலையா என்றாலும் தூக்குகிறாள். அலுத்துப்போய் எல்லாவற்றுக்கும் தூக்குகிறாள். கேட்கிறவர்கள் தங்கள் மனதில் இருப்பதைத்தானே கேட்பார்கள்? டாக்டர் வயிற்றுக்கு மருந்து கொடுத்திருந்தார். சரோஜா அக்கா, அதாவது கலாவின் அம்மா, ஓமத் தண்ணியும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று கடையில் எல்லாருக்கும் தெரியும். தௌக்கேயிடம் போய் நின்றேன். "நான் இதைச் செய்வேன். நீங்க வேணாம்னா வீட்டுக்குக் கொண்டு போய்ச் செய்வேன்."

"சரி லா, சரி லா. சண்டைக்கு வராதே," என்றார்.

3. சுங்கை பினாங் ஃபிளாட்டில்

அண்ணன் மெஷினை மட்டும்தான் கொண்டு வந்திருந்தார். பவர் சப்ளை, கேசட் டெக் எல்லாம் வீட்டில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியேறி மூச்சு வாங்கிவிட்டது.

கலா டிவிக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. பக்கத்திலேயே சாமி மேடை. பூசை அன்று மெஷின் அங்கேதான் இருந்திருக்கிறது, கலா நாள் முழுக்க அதற்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள். பூசைக்கு வைத்ததை அன்று எடுக்கக் கூடாது, மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுக்கலாம். ஆகவே அன்று கலா பேசவும் இல்லை.

நான் சரோஜா அக்காவிடம் கேட்டேன். "அக்கா, பூசையில தண்ணி ஏதும் பட்டுச்சா?"

"தண்ணியா? ஐயோ, ஒரு சொட்டு இல்லே! சந்தனம் குங்குமம் வச்சு, அட்சதை போட்டேன். அவ்வளவுதான்."

அவர் சொல்லி முடிக்கவில்லை, கலா கத்த ஆரம்பித்தாள். நாற்காலியின் கால் பலகையை உதைத்தாள். நாற்காலி ஆடியது.

"பாத்தியா, வயித்து வலி வந்துருச்சு. பாவம் புள்ளே," என்று சரோஜா அக்கா ஓமத் தண்ணி எடுக்க உள்ளே ஓடினார். முனியாண்டி அண்ணன் மகளின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். பூசை நேரத்தில் அவர் வேலைக்குப் போயிருந்தார், அவருக்கு எதுவும் தெரியாது. நான் பவர் சப்ளையைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். அந்தக் கத்தல் காதில் இருந்துகொண்டே இருந்தது.

4. பச்சை

தண்ணீர் படவில்லை என்றால் சந்தேகம் பவர் சப்ளை மேல்தான். இந்த வகை மெஷினுக்கு அது கறுப்புச் செங்கல் மாதிரி தனியாக இருக்கும், சூடேறி உயிரை விடும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு சப்ளை கட்டினேன். டிவி கறுப்பாகவே இருந்தது. ஃபியூஸ், ரெகுலேட்டர், கிளாக் எல்லாம் பார்த்தேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஒரு வாரம் சுற்றினேன். கடைக்கு வருகிற வேலைக்கு நடுவே இதையும் பார்க்க வேண்டும். முனியாண்டி அண்ணன் வேலை முடிந்து தினமும் வந்து நிற்பார். "இன்னிக்காவது?" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே அவர் மோட்டார் சத்தம் கேட்டால் நான் குனிந்துகொள்வேன்.

கடைசியில் வீடியோ சிப்பைச் சாக்கெட்டிலிருந்து நெம்பி எடுத்தேன். கால்களெல்லாம் பச்சை பூத்திருந்தது. சாக்கெட்டின் அடியில் மஞ்சள் வளையம், காய்ந்துபோன குட்டை மாதிரி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் இந்த அக்கா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மஞ்சள் தண்ணி! மேலே துடைத்துவிட்டார், உள்ளே இறங்கியது தங்கிவிட்டது. அந்த ஈரத்தோடு மறுநாள் சுவிட்ச் போட்டிருக்கிறார்கள்.

பல் துலக்கும் பிரஷ்ஷும் ஆல்கஹாலும் வைத்துப் போர்டு முழுக்கத் தேய்த்தேன். சாக்கெட்டை மாற்றினேன். டிவியில் நீலம் வந்தது, ஆனால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகக் குப்பை. மெமரி சிப் செத்திருக்கிறது என்று அர்த்தம். எது என்று கண்டுபிடிக்க ஃபேக்டரியில் கற்ற வித்தை ஒன்று உண்டு. நல்ல சிப் ஒன்றைச் சந்தேகச் சிப்பின் முதுகில் ஏற்றி, கால்கள் ஒட்ட அழுத்திப் பிடித்து சுவிட்ச் போட வேண்டும். குப்பை மாறினால் கீழே இருப்பது பிணம். இப்படி இரண்டு பிணம் கிடைத்தது.

அந்தச் சிப் அப்போது புதிதாகக் கடையில் கிடைக்காது. பழைய பொருள் விற்கிற சந்தைக்குப் போனேன். காசு போட்டு விளையாடுகிற வீடியோ கேம் போர்டு ஒன்று தரையில் கிடந்தது. விற்கிறவர் மலாயில், "இனி சூடா மாத்தி லா," என்றார். செத்துப்போனதாம். செத்ததில் எனக்கு வேண்டியது உயிரோடு இருந்தது. கழற்றிக் கொண்டு வந்து பற்றவைத்தேன்.

நீலத் திரை, சுத்தமான எழுத்து, கண் சிமிட்டுகிற கட்டம். கடையில் எல்லார் முன்னாலும் கை தட்டிவிட்டேன். தௌக்கேகூட வந்து பார்த்தார். "நம்ம காலத்து சாமான் லா," என்று கீபோர்டைத் தடவினார். புதுசு விற்கிற பேச்சே எடுக்கவில்லை.

5. முடிக்க விடு

மெஷினை நானே ஃபிளாட்டுக்குக் கொண்டு போய் மாட்டினேன். கேசட்டைப் போட்டார் அண்ணன். டேப் ஓடும்போது திரை வெறுமையாகிவிடும், காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருந்தோம். எர்ரர் வந்தது. சரோஜா அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். டெக்கின் ஹெட்டைத் துடைத்து, பக்கத்துத் திருகை ஒரு மயிரிழை திருப்பி, மறுபடியும் போட்டேன். இந்தத் தடவை சொற்கள் வரிசையாக வந்து நின்றன.

கலாவின் கையை ஜாய்ஸ்டிக் மேல் வைத்தார் அண்ணன். அவள் வலி என்ற சொல்லைத் தட்டினாள். பிறகு கட்டத்தைக் கடைசி வரிசைக்கு விட்டாள். எழுத்துக் கூட்டப் போகிறாள்.

பி. ஏ. எல்.

"பாலா? பால் வேணுமா கண்ணு?" என்று சரோஜா அக்கா எழுந்தார்.

"உக்காரு. முடிக்க விடு," என்றார் அண்ணன்.

இன்னொரு எல். யு.

பல்லு.

அண்ணன் டார்ச் லைட் எடுத்து வந்து அவள் வாயைத் திறந்து பார்த்தார். பின்பக்கக் கடைவாய்ப் பல்லுக்குக் கீழே ஈறு வீங்கிச் சிவந்து கிடந்தது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இங்கே சொல் போனதால் பல் வலி யாருக்கும் தெரியவில்லை. இத்தனை நாள் அந்த வாய்க்குள் ஓமத் தண்ணியை ஊற்றியிருக்கிறோமே என்று சரோஜா அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

கலா நிறுத்தவில்லை. கட்டம் மறுபடி நகர்ந்தது. அம்மா என்ற சொல்லைத் தட்டினாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, இந்தத் தடவை யாரும் குறுக்கே பேசாமல், முழுதாக எழுதி முடித்தாள்.

அம்மா மஞ்சத் தண்ணி ஊத்துச்சு. செம்பு நெறைய.

அண்ணன் மனைவியைப் பார்த்தார். சரோஜா அக்கா அழுகையை நிறுத்திவிட்டார். அன்று கால் பலகையை உதைத்துக் கலா கத்தியது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் கேட்ட கேள்விக்கு அந்த வீட்டில் பதில் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

"மாவிலையாலதான் தெளிச்சேன். கை தவறி செம்பு சரிஞ்சுருச்சு," என்றார் சரோஜா அக்கா. "சொன்னா மகளோட வாயை நானே அடைச்சேன்னு ஆயிரும்னு பயந்துட்டேன். நாக்குல சரஸ்வதி இருக்கான்னு சொல்றாங்களே, என் பொண்ணுக்கு நாக்கே இதுதானேன்னுதான் பூசையில வச்சேன்."

 அதைக் கேட்டுக் கலா சிரித்தாள். பல் வலியோடு, வாய் ஒரு பக்கம் கோணி, நாற்காலி ஆட ஆடச் சிரித்தாள். அதைப் பார்த்து அண்ணன் சிரித்தார், பிறகு எல்லாருமே சிரித்தோம். மறுநாளே பல் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள்.

6. அதற்குப் பிறகு

ரிப்பேர் கற்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மெஷினைத் தூக்கி வருகிறவர் வேறு, மெஷினோடு இருக்கிறவர் வேறு. தூக்கி வருகிறவர் தனக்குத் தெரிந்ததைத்தான் சொல்வார், பயந்தவர் அதையும் சொல்ல மாட்டார். அன்றிலிருந்து கவுண்ட்டரில் யார் வந்தாலும், "இதை யாரு யூஸ் பண்றது? அவங்க என்ன சொன்னாங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். சொல்ல வாய் இல்லாதவர் என்றால் இன்னும் கொஞ்ச நேரம் நின்று கேட்க வேண்டும்.

அடுத்த வருஷம் சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் சரோஜா அக்கா கடைக்குப் போன் பண்ணினார். 

"மறுபடியுமா அக்கா?"

"இல்லே சாந்தா, மெஷின் நல்லாருக்கு. இந்த வருஷம் அதை மேடையில வைக்கல. கலா வேணாம்னுட்டா."

"என்ன சொன்னா?"

"நாளைக்கு நான் பேசணும், அதைத் தொடாதேங்கிறா. தண்ணி தெளிக்கணும்னா என் மேல தெளி, பொட்டு வைக்கணும்னா என் நெத்தியில வையிங்கிறா."

"நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"வேறென்ன செய்ய? நாளைக்குக் காலையில அவளைத்தான் மேடைக்குப் பக்கத்துல உக்கார வைக்கப் போறேன்."