கார்பன் நகலில் நான் செத்த கதை

மலாயா சுதந்திரம் அடைவதற்குச் சில வாரங்கள் முன்பு, மலாக்காவின் காஜா பெராங்கில் நான் செத்துப்போனேன். வயது நாற்பத்திரண்டு. காரணம், வீட்டுக் கடன்.

நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டை எங்களுக்கே விற்க அதன் சொந்தக்காரர் சம்மதித்திருந்தார். மலாக்கா செட்டி அவர். பக்கத்து வீட்டில்தான் குடும்பத்தோடு இருந்தார். சாமி நம் சாமி, பேச்சு மலாய். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பத்திரத்தில் கையெழுத்தாகும்வரை வெளியில் ஒரு ஈக்கும் தெரியக் கூடாது. பங்காளிகள் காதில் விழுந்தால், பாட்டன் வீட்டை வெளியாளுக்கு விற்காதே என்று வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு வீடு கிடையாது.

நானும் வாயைத் தைத்துக்கொண்டேன். ஆனால் கடன் விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் தட்டெழுதித் தரும்படி பேங்கில் கேட்டார்கள். கோர்ட்டுக்கு எதிரே, கடைவரிசையின் முன்நடையான அஞ்சடியில் மேசை போட்டிருந்த மனு எழுதுபவரிடம் போனேன். சம்பளம், பிள்ளைகள், நகை, வாங்கப்போகும் வீடு என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் உருளையில் தாள்களைச் செருகியபோது கார்பன் கொஞ்சம் தடிமனாகத்தான் தெரிந்தது. பெரிய மனிதர், நிறைய நகல் எடுப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் செமாபோக்கிலிருந்து ஒரு கடன் புரோக்கர் சைக்கிளில் வந்து, வேலிக்கு வெளியே நின்றே கூவினார்.

“அண்ணே! வீடு வாங்கப் போறீங்களாமே? என்கிட்ட வட்டி கம்மி லா!”

பாய்ந்துபோய் அவர் வாயைப் பொத்தினேன். அவர் போனதும் புக்கிட் காதிலிலிருந்து இன்னொருவர். இவர் கையில் என் விண்ணப்பமே இருந்தது. மங்கலான ஊதா எழுத்து.

“சம்சாரத்துக்கு எட்டுப் பவுன் நகை இருக்குல்ல, அப்புறம் என்னா கவலை?”

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள்.

“எங்கிட்ட ஆறுதானே இருக்கு. மிச்சம் ரெண்டு யாரு கழுத்துல தொங்குது?”

கடனுக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன் என்பதை அவள் இன்றுவரை முழுசாக நம்பவில்லை.

நான்காவது புரோக்கர் வந்தபோது வீட்டுக்காரர் தன் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். புரோக்கர் என் பெயரைச் சொல்லி, “இருக்காரா?” என்று கேட்டார். என் மூளைக்கு அந்த நேரத்தில் ஒரே வழிதான் தெரிந்தது.

“செத்துட்டாருங்க,” என்றேன், மெதுவாக.

“அடப்பாவமே. நீங்க?”

“மச்சான்.”

தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு போனார். என்ன சாமர்த்தியம் என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

மறுநாள் கல்லறைக் கல் செதுக்குபவர் வந்தார். பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுபவர் வந்தார். சாயங்காலம் வந்த கல்யாணத் தரகர் என்னை மச்சான் என்றே நம்பி, எனக்கெதிரிலேயே பேச்சைத் தொடங்கினார்.

“தங்கச்சிக்குச் சின்ன வயசுதானே. எஸ்டேட்ல கணக்கெழுதுற கிராணி ஒருத்தர் இருக்காரு, தங்கமான மனுசன்.”

“சம்பளம் எவ்வளவாம்?” என்றாள் என் மனைவி.

“ஏய்!”

“அண்ணே, நீங்க சும்மா இருங்க. நான் கேட்டுத் தெரிஞ்சுக்கிறேன்.”

எரிச்சலோடு அஞ்சடிக்கு ஓடினேன். என்னைக் கண்டதும் மனு எழுதுபவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“நீங்க தவறிட்டதா சொன்னாங்களே! நேத்தே உங்களைச் சாவு வீட்டு லிஸ்டுக்கு மாத்திட்டேன்!”

மேசையடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் ஊர்க்காரர்களின் நகல்கள் அடுக்கடுக்காக. புரோக்கர்களுக்கு ஒரு நகல் ஒரு வெள்ளி விலையாம்.

“ஊரு நம்பிச் சொன்னதை விக்கிறீங்களேய்யா!”

“விக்கிறதா? நீங்க கடனுக்கு அலையக் கூடாதேன்னு நாலு பேருகிட்ட சொல்லி வச்சேன் சார்.”

“போலீசுக்கு எழுதிப் போடுறேன்!”

“தாராளமா. ஆனா இங்கிலீசுலதான் எழுதணும்.”

கோபத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, அவர்மேல் புகாரை அவரிடமே சொல்லத் தொடங்கினேன். “இவன் ஒரு திருடன்” என்றேன். “நம்பிக்கைத் துரோகின்னு போடலாம் சார், கொஞ்சம் கௌரவமா இருக்கும்,” என்று திருத்தினார். கூலியும் கொடுத்தேன். பாதி வழியில்தான் கார்பன் ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் ஒரு வக்கீல் குமாஸ்தா வந்து, ஏமாற்றப்பட்டவரின் குடும்பத்துக்கு வழக்கு நடத்தித் தருவதாகச் சொன்னார்.

அன்று வீட்டுக்காரர் வீட்டில் பார்ச்சு. பழங்கள் பழுக்கும் காலத்தில் செத்துப்போன முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கும் நாள். பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். படைத்துவிட்டு, முன்னோர் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று அறையைவிட்டு வெளியே வந்து, பேச்சுமூச்சில்லாமல் நின்றார்கள். அந்த அமைதியில்தான் ஐந்தாவது புரோக்கர் வாசலில் வந்து மலாயில் கத்தினார்: பக்கத்து வீட்டை வாங்க இருந்தவர் செத்துட்டாராமே, வீடு இன்னும் விலைக்குத்தான் இருக்கா?

வேலிக்கு இந்தப் பக்கம் நான் வாழைமரத்தின் பின்னால் குப்புறப் படுத்தேன். வீடு போச்சு. வயிற்றில் எறும்பு ஏறியது, அசையவில்லை.

மூத்த பங்காளி உறுமினார். “வீட்டை விக்கிறியா நீ?”

வீட்டுக்காரர் அரைக் கண்ணால் வாழைமரத்தைப் பார்த்தார். என் கால் இரண்டும் வெளியேதான் நீட்டிக்கொண்டிருந்தன.

“வாங்குறவன்தான் செத்துட்டானே. அப்புறம் என்ன பேச்சு?” என்றார் மலாயில்.

பங்காளி யோசித்தார். செத்தவனோடு சண்டை போட முடியாது. “பாவம்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக ஒரு பொட்டலம் நீட்டினார். சோறு, மிளகாய்ச் சம்பல், பொரித்த மீன், நாலு ரம்புத்தான்.

“சாப்பிடு. இன்னிக்கு உன் மாதிரி ஆளுக்குத்தான் விருந்து. திங்கக்கிழமை வக்கீல் ஆபீசுக்கு வா. அதுவரை செத்தே கிட.”

மூன்று நாள் ஜன்னல் சாத்திச் செத்துக் கிடந்தேன். நான்காம் நாள் பின்வாசல் வழியாகப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் நான் கூரை ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தபோது மூத்த பங்காளி வந்தார். அண்ணாந்து என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டுக்குள் புயலாக நுழைந்தார். வீட்டுக்காரரின் குரல் கூரைவரை கேட்டது.

“நான் செத்தவனுக்குத்தான் வித்தேன். அவன் திரும்பி வந்ததுக்கு என்னை ஏன் திட்டுற?”