அத்தை கொடுத்த ஜாக்கெட் துணி

எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்க் கிளம்பும்போது வெற்றிலை பாக்கோடு ஒரு ஜாக்கெட் துணியையும் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். அதை யாராவது தைத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துத் தம்போயில் எங்களுக்கு வந்த துணி குளுவாங்குக்குப் போகும், அங்கிருந்து சிம்பாங் ரெங்கத்துக்குப் போகும், ஒரு வருஷம் கழித்து மடிப்புக் கலையாமல் எங்களிடமே திரும்பி வரும். இந்த ஊர்வலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தவள் என் அம்மா. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மா தினமும் பாலத்தைத் தாண்டிப் போய், சிங்கப்பூரில் ஒரு ஃபேக்டரியில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்தாள். கடையில் விற்கும் பிரா எதுவும் அவளுக்குப் பொருந்தாது. முன்பக்கம் சரியாக இருந்தால் முதுகுப் பக்கம் தொளதொளக்கும். பாரமெல்லாம் தோளில் தொங்கி, வீடு திரும்பும்போது இரண்டு தோளிலும் சிவப்பாகப் பள்ளம் விழுந்திருக்கும். "உங்க சைஸ் இல்லக்கா" என்று கடைப்பெண் சொல்லும் தோரணையைப் பார்த்தால் தப்பாகப் பிறந்தது அம்மாதான் என்று தோன்றும்.

ஒருநாள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "என் உடம்பு சரியாத்தான் இருக்கு. இவனுங்க தைக்கிறதுதான் கோணல்" என்று சொல்லிப் பழைய பிராவைத் தையல் பிரித்தாள். பிரித்த துண்டுகளைப் பத்திரிகைத் தாளில் வைத்து வரைந்தாள். வெட்டுவதற்கு அலமாரியில் துணிக்கா பஞ்சம்? ஜாக்கெட் துணிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

முதலில் தைத்தது கோணிக்கொண்டது. அடுத்ததைப் போட்டால் மூச்சு விட முடியவில்லை. லாரி ஓட்டும் அப்பா இஞ்சு டேப்பைப் பிடித்து முதுகை அளந்து சொல்வார். தைத்து முடித்ததும் அம்மா மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு, கைகளைத் தூக்கிக் கூடத்தில் குதிப்பாள். கீழ்ப்பட்டி மேலே ஏறினால் மறுபடியும் பிரிப்பாள். "பாரத்தப் பட்டிதான் தாங்கணும், தோளு இல்ல" என்பாள். கடைசியில் ஒன்று அசையாமல் நின்றது. அன்று அம்மா என்னையும் தூக்கி வைத்துக்கொண்டு குதித்தாள்.

அடுத்த வம்பு, காயப்போடுவதில் வந்தது. எங்கள் பெண்கள் பிராவைத் துண்டுக்கு அடியில் ஒளித்துத்தான் காயப்போடுவார்கள். ஜொகூர் மழையில் அப்படிப் போட்டால் என்றைக்குக் காயும்? ஈரம் போகாமல் உடம்பெல்லாம் அரிக்கும். எங்கள் வரிசை வீட்டில் காற்று வருவது முன்பக்கம் கார் நிற்கும் இடத்தில் மட்டும்தான். அம்மா அங்கேதான் கொடி கட்டினாள். துண்டு கிண்டு எதுவும் கிடையாது.

தீபாவளிக்கு மறுநாள் சிம்பாங் ரெங்கத்திலிருந்து அத்தை வந்தார். தாத்தா பாட்டி போன பிறகு அப்பாவை வளர்த்து ஆளாக்கியவர் இந்த அக்காதான். எங்கள் பக்கத்தில் மிஞ்சியிருந்த ஒரே பெரியவரும் அவர்தான். வந்தவர் கேட்டைத் தாண்டவில்லை. அவர் கண்ணெதிரே, மஞ்சளில் சிவப்புப் பூப்போட்ட பிரா காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"இது நான் வெத்தல பாக்குல வெச்சுக் குடுத்த துணியாச்சே!"

"ஆமா அண்ணி. நல்ல துணி. சாயமே போகல" என்றாள் அம்மா.

"அலமாக்! மங்கலமா குடுத்தத உள்பாடி தெச்சு, வாசல்ல வேற தொங்க விட்டிருக்கியே! சம்பந்தியம்மா பின்னாடியே கார்ல வராங்க, என் மானம் போச்சு."

"ஜாக்கெட் தெச்சுக்கத்தானே குடுத்தீங்க? ஒரு சுத்து உள்ள போயிருக்கு, அவ்வளவுதான்."

அப்பாவுக்கு இருமல் வந்தது. அத்தை என்னைப் பார்த்து, "ஏ புள்ள, அத எடுத்து உள்ள போடு" என்றார். நான் கிளிப்பில் கை வைத்தேன்.

"கைய எடுடி" என்றாள் அம்மா.

அத்தை அப்பாவிடம் திரும்பினார். "தம்பி, அது எறங்குனாத்தான் நான் படி ஏறுவேன். இல்லன்னா இனி இந்த வீட்டுக்கு வரவே மாட்டேன்."

அம்மாதான் பேசினாள். "தோச ஆறுது, உள்ள வாங்க அண்ணி. அது காயுற வரைக்கும் அங்கதான் இருக்கும் லா."

அத்தை விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டார். அப்பா கார் சாவியை எடுத்தார். அக்காவைச் சமாதானப்படுத்தத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன். அவரோ காரைப் பின்னால் எடுத்து ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். "காத்து நல்லா வரட்டும்" என்றார். அவர் முகம் வாடியிருந்தது.

நான் துள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"நீதானேம்மா ஜெயிச்ச?"

"ஜெயிச்சேன்தான்டி. நின்ன நேரமெல்லாம் பயந்துகிட்டேதான் நின்னேன்."

அம்மா சும்மா சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பயந்தவர்கள் அப்படியெல்லாம் பதில் பேச மாட்டார்கள் என்பது என் ஒன்பது வயது ஞானம்.